சத்திரமும் கல்விச்சாலையும்

அரியலூரிலிருந்து தெற்கே செல்லும் வழிப்போக்கர் திருமானூரில் கொள்ளிடத்தைக் கடந்து, திருவையாறு வழியாகத் தஞ்சையை அடைவார். அதற்கப்பால் இராமேசுவரம் செல்லும் பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் பல நிறுவினர். அவற்றுள் புகழ்பெற்றது, இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம்.

சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு சரபோஜி மடல் எழுதினார். எச்சாதியார்க்கும் சோறு உண்டு. நோயுற்ற பயணிக்கு மருந்து உண்டு. பெற்றோரை இழந்த பயணிகளின் பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் விடப்படுவர். ஆகவே சத்திரத்தில் கல்வி புகுந்தது பிற்காலத்து மாற்றமன்று. முக்தாம்பாள் சத்திரத்தில் சரபோஜி காலத்திலேயே பள்ளி நடந்தது. பின்னர் அக்கட்டடம் மாணவர் விடுதியாயிற்று.

இஸ்லாமியக் கல்வி வரலாறு பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது. பள்ளிவாசலை ஒட்டி வெளியூர் மாணவர் தங்கும் 'கான்' எழுந்ததும், அவ்விரண்டும் ஒன்றிணைந்தே மதரஸா உருவாயிற்று என்பது ஜார்ஜ் மக்திஸி 1981இல் வெளியிட்ட ஆய்வின் முடிபு. ஹிஜ்ரி 405இல் மறைந்த குர்திய ஆட்சியாளர் பத்ர் இப்னு ஹஸனவைஹி இத்தகைய மஸ்ஜித்-கான்கள் மூவாயிரம் கட்டினார் என்பர். எண் மிகையாகலாம், செய்தி மிகையன்று. பக்தாத் நிஜாமிய்யா 1067இல் திறக்கப்பட்டது அதன் பின்னரே. கல்வி தேடி ஊர்விட்டு ஊர் வந்த மாணவனும் முஸாஃபிர்தானே!

எனவே விடுதி கல்விச்சாலையாவதால் அறக்கட்டளை சிதைவதில்லை. உள்ளே நுழைவோர் யார் என்பதில்தான் அது சிதையும். மாவட்டக் கழக நிர்வாகத்தில் ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகள் பிராமண மாணவர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தன. அனைவர்க்கும் சோறிட்ட அறத்தின் வருவாய் ஒரு சாரார்க்கே சென்றது. சத்திர நிதியில் 1881இல் திருவையாற்றில் தோன்றிய கல்லூரியிலோ வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது.

1924இல் மாவட்டக் கழகத் தலைவரான ஏ.டி. பன்னீர்செல்வம் மூல ஆவணத்தைப் படித்தறியச் செய்தார். வடமொழிக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு அதில் இல்லை. வாக்கிஃபின் நிபந்தனையை ஷரீஅத்தின் வாசகத்துக்கு ஒப்பாக மதிக்கும் நம் ஃபுகஹாக்களும் இவ்வழியையே மேற்கொண்டிருப்பர்: வழக்கத்தைக் கேளாது, சாசனத்தைக் கேட்பர். விடுதிகள் பிற சமூகத்தார்க்கும் திறக்கப்பட்டன. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கிற்று; 'அரசர் கல்லூரி' என்னும் பெயரும் நிலைத்தது.