குழந்தைகளின் மூளைக் கட்டியைக் காணும் வழிகள்: ஒரு வரலாற்று நோக்கு

உடலுறுப்புக்களுள் மூளையைப் போல் காவல் மிகுந்தது பிறிதொன்றில்லை. வயிற்றினுள் தோன்றும் கட்டியை மருத்துவர் கையால் தடவி உணர்தல் கூடும். தலையோட்டினுள் வளரும் கட்டியோ கைக்கும் கண்ணுக்கும் எட்டாதது. வளர்ந்தோராயின் தமக்குற்ற தலைநோவையும் பார்வை மங்கலையும் எடுத்துரைப்பர். மூன்று வயதுக் குழந்தை யாது உரைக்கும்? காலையில் எழுந்ததும் வாந்தியெடுக்கும்; நடக்கும்போது தள்ளாடும். வயிற்று நோயென எண்ணி மருந்தளிக்கும் நாள்களிலும் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆதலின் மூளைக் கட்டியைக் காணும் முயற்சியின் வரலாற்றில் குழந்தைக்குத் தனியிடம் உண்டு. அம்முயற்சி புறக்குறிகளை நோக்குவதில் தொடங்கி, கட்டியின் கலங்களையே இனங்காணும் நிலைக்கு வந்த வகையை ஈண்டு ஆராய்வாம்.

1884ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரில் ஹியூஸ் பென்னெற் என்பார், ஓர் இளைஞனுக்கு உண்டான வலிப்பையும் கைத்தளர்ச்சியையும் மட்டும் கொண்டு கட்டியின் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். றிக்மன் கொட்லி தலையோட்டைத் திறந்து அவ்விடத்திலேயே அதனைக் கண்டெடுத்தார். நோயாளி ஒரு மாதத்துக்குள் தொற்றினால் இறந்தானெனினும், குறிகளால் இடமறிதல் கூடும் என்பது நிலைபெற்றது. குழந்தைகளுக்கு இம்முறை அத்துணைப் பயன்படவில்லை. அவர்தம் கட்டிகளுட் பல பிடரிப்புறத்துச் சிறுமூளையை அடுத்துத் தோன்றி, மூளைநீர் செல்லும் வழியை அடைத்து, தலை முழுவதையும் அழுத்துவன. அழுத்தத்தின் குறிகள் இடத்தைக் காட்டா. 1895இல் றொன்ற்ஜன் கண்ட கதிரும் என்பைக் காட்டிற்றேயன்றி மூளையைக் காட்டவில்லை.

இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர், அமெரிக்காவில் பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய வால்ற்றர் டன்டி. குடலிலுள்ள வாயு கதிர்ப்படத்தில் அயலுறுப்புக்களைத் துலக்கிக் காட்டுதலை அவர் அறிந்திருந்தார். மூளையினுள்ளும் அறைகள் உள; அவற்றில் நீர் நிறைந்துள்ளது. அந்நீரைச் சிறிது சிறிதாக வாங்கி, அதற்கீடாகக் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். 1918இல் அவர் வெளியிட்ட முதலாராய்ச்சி, பெரும்பாலும் தலையில் நீர் கோத்த குழந்தைகளிடத்துச் செய்யப்பட்டதாகும். உச்சிக்குழி மூடாத சிசுக்களுக்கு என்பைத் துளைக்கவும் வேண்டியிருக்கவில்லை. அறைகள் விரிந்தும் ஒதுங்கியும் தோன்றும் வடிவிலிருந்து கட்டியின் இடத்தை அவர் உய்த்துணர்ந்தார். கட்டி படத்தில் தோன்றாது. அது தள்ளிய தடமே தோன்றும். கடுந்தலைநோவை விளைத்து, சிற்சில வேளை உயிருக்கும் ஊறு செய்த இம்முறை அரைநூற்றாண்டு காலம் வழக்கில் நின்றது. அக்காலத்துக் குழந்தைகள் பட்ட துன்பத்தை இன்று நினைப்பினும் நெஞ்சு நடுங்கும். ஆயினும் அதனாற் பிழைத்தோரும் பலர்.

1925இல் ஹாவி குஷிங், பேர்சிவல் பெய்லி என்னும் இருவரும் குழந்தைகளின் சிறுமூளையில் தோன்றும் கொடிய கட்டியொன்றுக்கு 'மெடுலோபிளாஸ்ற்றோமா' எனப் பெயரிட்டனர். கருவளர் காலத்தில் 'மெடுலோபிளாஸ்ற்று' என்னும் முதற்கலம் ஒன்று உண்டெனவும், அதன் வழியிற் பிறப்பதே இக்கட்டி எனவும் அவர் கொண்டனர். அக்கலத்தைப் பின்வந்தோர் எவரும் கண்டிலர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எனினும், வளர்ச்சி முற்றாத கலத்திலிருந்து இக்கட்டி எழுகின்றது என்ற கருத்து வெறுங்கற்பனையன்று என்பது பின்னர் விளங்கும். இக்கட்டி மூளைநீரின் வழியே முண்ணாண் நெடுகிலும் விதை தூவும் இயல்பினது. ஆதலின் எடித் பற்றேர்சன், பார் என்போர் மூளைக்கும் முண்ணாணுக்கும் ஒருசேரக் கதிர்ச் சிகிச்சை செய்து பெற்ற பயனை 1953இல் வெளியிட்டனர். குழந்தைகள் சிலர் ஆண்டுகள் பல வாழத் தலைப்பட்டனர். அப்பொழுதே புதியதொரு வினாவும் பிறந்தது: சிகிச்சை முடிந்தபின் அவ்விடத்திற் காணப்படுவது எஞ்சிய கட்டியா, ஆறிய வடுவா?

இதற்கிடையில் 1927இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மொனிஸ் மூளையின் குருதிக் கலன்களைப் படம் பிடித்தார். 1948இல் மினசோற்றாவில் ஜோர்ஜ் மூர், கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் சேர்ந்த சாயமொன்றைக் குருதியிற் செலுத்தி, தலைக்கு வெளியே வைத்த கருவியாற் கட்டியின் இடத்தை அளந்தார். பொஸ்தனில் வில்லியம் சுவீற்றும் கோர்டன் பிரௌனெலும் பொசித்திரனை உமிழும் சமதானிகளைக் கையாண்டனர். நஞ்சென யாவரும் அஞ்சும் ஆசனிக்கின் சமதானியும் அவற்றுள் ஒன்று. இம்முறைகளின் அடிப்படையை ஊன்றி நோக்குதல் வேண்டும். குருதியிலுள்ள பொருள்கள் பல மூளைக்குட் புகாவண்ணம் இயற்கை ஒரு மதிலை அமைத்துள்ளது. கட்டி உள்ள இடத்தில் அம்மதில் பழுதடைகின்றது. சாயம் அவ்வழியே கசிகின்றது. ஆகவே மூரும் அவர்க்குப் பின்வந்தோரும் கண்டது மதிலின் உடைவையே. வடுவும் வீக்கமும் மதிலை உடைக்க வல்லன.

1971 ஒக்ரோபர் முதலாம் நாள் இலண்டனை அடுத்த அற்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹௌன்ஸ்பீல்டின் கணனிக் கதிர்ப்பொறி முதல் நோயாளியைப் படம் பிடித்தது. காற்றைச் செலுத்தும் கொடுமை அதனோடு மறையத் தொடங்கிற்று. அடுத்து, எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் பரிவுப் படம் வந்தது; சிறுமூளைக் கட்டியை அதன் அளவோடும் எல்லையோடும் காட்டிற்று. ஆயினும் கடோலினியம் சேர்ந்த மருந்தால் அப்படத்தில் ஒளிரும் இடமும் மதில் உடைந்த இடமே. கட்டியா, வடுவா என்ற பழைய வினா தீர்ந்தபாடில்லை.

கலத்தின் மேற்பரப்பில், குறித்த ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள. இவற்றை வாங்கிகள் என்பர். பூட்டும் திறவுகோலும் போல்வன இவை. ஏர்லிக், லாங்லி ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கருத்தை வகுத்துவிட்டனர். 1973இல் கலிபோர்ணியாவின் சோக் நிறுவனத்தில் கில்லெமின் குழுவினர், செம்மறியாட்டு மூளையிலிருந்து 14 அமினோ அமிலங்களாலான சோமற்றோஸ்ரற்றின் என்னும் ஓமோனைப் பிரித்தெடுத்தனர். அது குருதியில் இரண்டொரு நிமிடங்களிற் சிதைவது. சுவிற்சர்லாந்தின் சண்டோஸ் ஆய்வாளர் 1982இல், எட்டு அமினோ அமிலங்களே கொண்ட, நெடிது நிற்கும் ஒக்ரியோரைட் என்னும் போலியை ஆக்கினர். நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் கிரெனிங் குழுவினர் அதனோடு கதிர்வீசும் அயடீனைப் பிணைத்து, வாங்கியுள்ள கட்டிகள் படத்தில் ஒளிர்வதை 1989இல் அறிவித்தனர். பின்னர் அயடீனுக்குப் பதிலாக இந்தியம் என்னும் உலோகத்தின் சமதானி வந்தது. 1994இல் அமெரிக்க அரசு அதனை ஏற்றது.

குழந்தைகளுக்கு இதனால் யாது பயன்? மெடுலோபிளாஸ்ற்றோமாக் கலங்களிற் பெரும்பாலும் இவ்வாங்கியின் இரண்டாம் வகை செறிந்திருத்தல் கண்டறியப்பட்டது. அதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. வளரும் சிறுமூளையின் புறத்தே படர்ந்திருக்கும் இளங்கலப் படையில் இவ்வாங்கிகள் நிறைந்துள்ளன. வளர்ச்சி முற்றியதும் குன்றிவிடுகின்றன. கட்டியோ குழவிப்பருவத்து வாங்கிகளைக் கைவிடாது வைத்திருக்கின்றது. குஷிங்கும் பெய்லியும் பெயரளவிற் பிழைத்தாலும் பொருளளவில் உண்மைக்கு அணித்தே நின்றனர்.

1990களின் இறுதியில் ஜெர்மனியின் குழந்தை மருத்துவர்கள் இம்முறையை இந்நோயிற் பயன்படுத்தி அறிக்கை வெளியிட்டனர். வடுவில் மதில் உடைந்திருப்பினும் வாங்கி செறிந்திராது. மீண்டெழுந்த கட்டியில் இரண்டும் உண்டு. ஆனால் இதனை அளவுக்கு மிஞ்சிப் புகழ்தல் தகாது. திறவுகோலும் மதிலைக் கடந்தே செல்லவேண்டும். மதில் பழுதுபடாத இடத்தில் கட்டி இருப்பின் ஒளிராது. வாங்கியில்லாக் கட்டிகளும் குழந்தைகளுக்கு வருவன. இந்தியத்தின் படம் கூர்மை குறைந்தது. முண்ணாண் உறைமேற் படிந்த நுண்விதைகள் அதற்குத் தப்பிவிடும். 68 நிமிட அரைவாழ்வுள்ள கலியம் என்னும் உலோகத்தின் சமதானியைப் பிணைத்த மருந்து, 2016இல் அமெரிக்காவில் வளர்ந்தோர்க்கும் குழந்தைகளுக்கும் உரிய அகஞ்சுரப்புச் சார்ந்த கட்டிகளைக் காண்பதற்கு ஏற்கப்பட்டது. அது பொசித்திரனை உமிழ்வதாதலின், சுவீற்றும் பிரௌனெலும் தொடங்கிய வழியிலேயே கூரிய படத்தைத் தருகின்றது. இன்றும் மெடுலோபிளாஸ்ற்றோமாவுற்ற குழந்தைக்கு முதலிற் செய்யப்படுவன மூளைக்கும் முண்ணாணுக்கும் உரிய காந்தப் பரிவுப் படமும், இடுப்புப் புறத்தே ஊசியால் எடுக்கும் நீரின் சோதனையுமே. அவை ஐயத்துக்கிடமாகும்போதே வாங்கிப் படத்தின் துணை நாடப்படுகின்றது.