சலங்கை

சலங்கை அல்லது சதங்கை என்பது இந்திய மரபு நடனங்களில் ஆடுவோர் கணுக்காலில் அணியும் சிறு பித்தளை மணிகளின் தொகுதி ஆகும். வட இந்தியாவில் இது குங்ரு எனப்படுகிறது. உள்ளீடற்ற வளையமான சிலம்பு இதிலிருந்து வேறானது.

ஒவ்வொரு மணியினுள்ளும் சிறு உலோகக் குண்டு ஒன்று இருக்கும். பாதம் தரையைத் தட்டும்போது அது மணியின் சுவரில் மோதி ஒலி எழுப்புகிறது.

பரதநாட்டியத்தில் மணிகள் தோல் அல்லது துணிப் பட்டையில் வரிசைகளாகத் தைக்கப்படுகின்றன. கதக் நடனத்தில் அவை பருத்திக் கயிற்றில் கோக்கப்பட்டுக் காலில் சுற்றப்படுகின்றன. ஒரு காலுக்கு 100 மணிகளுக்கு மேல் அணிவதும் உண்டு.

சலங்கை தாளத்தைத் தெளிவாக்குவதுடன் தவறிய அடியையும் வெளிப்படுத்திவிடும். எனவே பரதநாட்டிய மாணவர்கள் பொதுவாக அடவுகளில் தேர்ச்சி பெற்ற பின்னரே, சலங்கைப் பூசையில் குருவிடமிருந்து பெற்று இதனை முதன்முறையாக அணிகின்றனர்.