காந்தம் மருந்தைத் தள்ளுகிறதா? தோல்வழி ஊடுருவல் குறித்த ஒரு மறுவாசிப்பு

நிலைக்காந்தத்தின் அருகே வைத்த தோல்துண்டின் வழியே, மரப்பு மருந்தான லிடோகெய்ன் ஹைட்ரோகுளோரைடு கூடுதலாகக் கடக்கிறது என்ற அளவீட்டை இக்கட்டுரை மறுக்கவில்லை. அதற்குத் தரப்படும் விளக்கத்தைத்தான் மறுக்கிறது. மருந்து டயா காந்தத் தன்மை கொண்டது; காந்தப்புலம் அதை விலக்கும்; ஆகவே மூலக்கூறு காந்தத்திலிருந்து விலகித் தோலுக்குள் தள்ளப்படுகிறது என்பது அவ்விளக்கம். புலத்துக்கு உட்பட்ட பின்னும் தோலின் தடுப்புத்திறன் மாறவில்லை என்பது அதற்கான முதன்மைச் சான்று. தோல் மாறவில்லை என்றால் மூலக்கூறுதான் உந்தப்பட்டிருக்க வேண்டும் என்று வாதம் நீள்கிறது.

முதலில் ஆற்றல் கணக்கைப் பார்க்கலாம். இச்சோதனைகளில் பயன்பட்ட புலங்கள் ஏறத்தாழ அரை டெஸ்லாவுக்கு உட்பட்டவை. லிடோகெய்ன் மூலக்கூறு ஒன்றின் பருமன் சுமார் 0.4 கன நானோமீட்டர். கரிமப் பொருள்களின் காந்த ஏற்புத்திறன் ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கும். இவற்றைக் கொண்டு கணித்தால், அரை டெஸ்லாவில் ஒரு மூலக்கூறு பெறும் காந்த ஆற்றல், உடல் வெப்பத்தில் அதே மூலக்கூறு பெற்றிருக்கும் வெப்ப ஆற்றலில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அதைச் சூழ்ந்த நீரும் டயா காந்தப் பொருளே என்பதால், மிஞ்சும் வேறுபாடு இதனினும் குறைவு. தோலின் வெளிப்புற அடுக்கான, சுமார் 15 மைக்ரோமீட்டர் தடித்த கொம்புப் படலத்தினூடே மூலக்கூறு செல்லும் திசையை இத்தகைய விசை தீர்மானிக்கும் என்று கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

தனி மூலக்கூறை வைத்துக் கணக்கிடுவது தவறு, விசை கூட்டாகச் செயல்படுகிறது என்பது வலுவான மறுப்பு. 1997-இல் நெதர்லாந்தின் நைமேகனில் சுமார் 16 டெஸ்லா புலத்தில் தவளையை மிதக்கவைத்தது இதற்கு எடுத்துக்காட்டாகிறது. ஆனால் அந்தச் சோதனை எதிர்த்தரப்பையே வலுவாக்குகிறது. அங்கே காந்த விசை தவளையின் எடைக்கு ஈடாயிற்று, அவ்வளவே. நம் சோதனைக் காந்தங்களின் விசை அதைவிடப் பல மடங்கு குறைவு. மருந்தின் சொந்த எடையே அதைத் தோலுக்குள் அழுத்துகிறது என்று எவரும் வாதிட்டதில்லை. எடையைவிடச் சிறிய விசைக்கு அந்தப் பெருமையைத் தர முடியாது. கூட்டு விசை கரைசலைச் சற்றுக் கலக்கக்கூடும். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கொம்புப் படலம்; மேலே கலக்குவதால் அதிகம் மாறாது.

புலத்தின் வலிமை கூடக் கூட ஊடுருவலும் கூடியதே என்பார்கள். கூடியது என்றால் மட்டும் போதாது. காந்தத்தின் அமைப்பு மாறாமல் புலம் இரட்டித்தால் டயா காந்த விசை நான்கு மடங்காக வேண்டும். காந்தத்தின் முனைகளைத் திருப்பினால் எதுவும் மாறக்கூடாது. விளக்கம் தன்னையே சோதித்துக்கொள்ளத் தரும் அளவுகோல்கள் இவை.

துடிப்பு மின்காந்தப் புலத்தில் மனிதத் தோல் வழியே நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து கூடுதலாகக் கடந்த முடிவுகளை இங்கே துணைக்கு அழைப்பது பொருந்தாது. மாறும் புலம் திசுவில் மின்புலத்தைத் தூண்டும். அசையாத காந்தம் தூண்டாது.

அப்படியானால் அளவிடப்பட்ட கூடுதல் எதனால்? நீக்கல் முறையில் நிற்கும் வாதம், எல்லா மாற்று வழிகளையும் நீக்கியிருக்க வேண்டும். தோல்துண்டைப் பொருத்திய விரவல் கலத்தின் மேல் வைத்த உலோகக் கட்டி வெப்பத்தைக் கடத்தும். ஓரிரு பாகை வேறுபாடே ஊடுருவலை மாற்றும். காந்தம் பதித்த மருந்துப் பட்டையில் எடையும் அழுத்தமும் காற்றுப்புகாமையும் சேர்கின்றன. தோல் ஈரமேறினால் பல மருந்துகள் எளிதாகக் கடக்கும் என்பது பழைய செய்தி. தோல்துண்டுக்குத் துண்டு வேறுபாடும் பெரிது. என் கணிப்பில் விடை இவற்றுள்தான் இருக்கிறது.

ஊசிக்கு முன் மரப்புக் களிம்பு பூசிக் குழந்தைகள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தைக் குறைக்கும் எந்த வழியும் வரவேற்கத்தக்கது; காரணம் தவறாக இருந்தால் பட்டையின் வடிவமைப்பும் தவறாகவே அமையும். எனவே இத்துறையில் எழுதுவோரும் மதிப்பிடுவோரும் ஒன்றை வற்புறுத்த வேண்டும்: அதே வடிவமும் எடையும் கொண்ட, காந்தமேற்றாத கட்டி ஒன்றை, ஒரே நபரின் தோலில், தோல்பரப்பின் வெப்பநிலையை அளந்தபடி, ஒப்பீட்டுக்கு வையுங்கள்.