ஐந்து சென்டிமீட்டர் மனிதர்கள்

வியட்நாம் போரில் பறந்த ஹெலிகாப்டர் ஒன்றைச் சிற்றுருவாகச் செய்து, உள்ளே ஆட்களையும் அமர்த்தி முடித்தவரிடம், அக்கலையில் தேர்ந்தவர் முதலில் கேட்பது 'எந்த ஆண்டு?' என்பதைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் நுணுக்கமாகப் படக்கூடும். ஹெலிகாப்டர் அதேதான், உள்ளிருப்பவையோ விரல் நீளமும் இல்லாத பொம்மைகள். அவர்கள் 1965இல் பறந்தால் என்ன, 1970இல் பறந்தால் என்ன? அந்தக் கேள்விக்குள் ஒரு போரின் வரலாறே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1965 நவம்பர் 14 அன்று, இயா ட்ராங் பள்ளத்தாக்கில் 'எக்ஸ்-ரே' என்று பெயரிடப்பட்ட வெட்டவெளியில் அமெரிக்கப் படையினர் சூழப்பட்டனர். மேஜர் புரூஸ் கிரான்டலும் கேப்டன் எட் ஃப்ரீமனும் தம் ஹியூய் ஹெலிகாப்டர்களில் மீண்டும் மீண்டும் அங்கே இறங்கித் தோட்டாக்களைக் கொடுத்துவிட்டுக் காயமுற்றோரை ஏற்றிவந்தனர். கிரான்டல் அன்று 22 முறை பறந்தார். உயரிய வீரப் பதக்கம் ஃப்ரீமனுக்கு 2001இலும் கிரான்டலுக்கு 2007இலும்தான் வழங்கப்பட்டது. சிற்றுருக் கலைஞர்கள் விரும்பிச் செய்யும் காட்சிகளில் இதுவும் ஒன்று. இதில் அடிக்கடி நேரும் பிழை, விமானிகளுக்கு 'எஸ்பிஎச்-4' தலைக்கவசத்தை அணிவித்துவிடுவது. அது 1970 வாக்கில்தான் வந்தது. 1965இல் அவர்கள் தலையில் இருந்தது 'ஏபிஎச்-5'. ஐந்தாண்டுப் பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டால் விட்டுவிட முடியாது.

அதற்கு முன் அளவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இத்துறையில் பரவலாக வழங்கும் 1/35 என்ற விகிதம் கணித அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாதிரியை உருவாக்கியபோது, மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கிய அளவே பிறகு பலரும் பின்பற்றும் வழக்கமாயிற்று. இவ்விகிதத்தில் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் சரியாக ஐந்து சென்டிமீட்டர் ஆகிறான். நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள இருக்கைப் பட்டை 1.3 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அந்தப் பட்டையை ஈயத்தாளில் வெட்டி ஒட்டுவார்கள். உதட்டருகே வளைந்து நிற்கும் ஒலிவாங்கிக்கு மெல்லிய செம்புக் கம்பி. சட்டை மடிப்புக்கு இரண்டு பகுதிகளைப் பிசைந்து சேர்க்கும் எபாக்ஸி மாவு. 1970களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின், சிற்றுரு என்பது எந்திரத்தின் நகல் மட்டுமன்று, மனிதர்கள் இருக்கும் ஒரு கதைக்காட்சி என்பதைத் தம் படைப்புகளால் நிறுவினார். 1980களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ரான்சுவா வெர்லின்டன் ரெசினில் வார்த்த உருவங்களைப் பரவலாக்கினார்.

இனி உடைக்கு வருவோம். பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளிலும் ஹெலிகாப்டர் பணியாளர் பலரைக் கொன்றது தீ. எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பற்றினால் பருத்தி உடை எரியும். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலாட்படையினர் விரும்பிய காட்டுக் காலணியின் மேற்புறம் நைலான் கலந்தது என்பதால், பறப்பவர்கள் முழுத் தோல் காலணியை அணிய வேண்டும் என்பது விதி. எளிதில் தீப்பற்றாத 'நோமெக்ஸ்' துணியாலான சட்டையும் கால்சட்டையும் 1960களின் இறுதியில் வந்தன. மோதினாலும் உடையாத எரிபொருள் தொட்டி 1970இலிருந்து புதிய ஹியூய்களில் பொருத்தப்பட்டது. ஆகவே ஓர் உருவத்தின் காலணிக்குத் தோலின் கருமையைத் தீட்டுவதா, காட்டுக் காலணியின் பச்சையைத் தீட்டுவதா என்பது வெறும் வண்ணத் தேர்வு அன்று. ஒவ்வொரு மாற்றமும் முன்னே எரிந்துபோனவர்களின் பொருட்டு வந்தது.

மார்புக் கவசமும் அப்படியே. பீங்கான் போன்ற கடினப் பொருளால் ஆன அந்தத் தகட்டை வீரர்கள் 'சிக்கன் பிளேட்' என்று கேலியாக அழைத்தனர். 1966க்குப் பிறகே அது பரவலானது. விமானியின் இருக்கை பின்புறமும் பக்கவாட்டிலும் கவசமிடப்பட்டது என்பதால் அவருக்கு முன்தகடு போதும். கதவோரம் அமர்ந்தவர்களுக்கு முன்னும் பின்னும் தகடு வேண்டும். கீழிருந்து வரும் குண்டுக்கு அஞ்சி இன்னொரு தகட்டை இருக்கைக்கடியில் இட்டுக்கொண்டவர்களும் உண்டு.

உடல் நிலையிலும் வரலாறு இருக்கிறது. பறக்கும் விமானியின் வலக்கை இரு முழங்கால்களுக்கும் நடுவிலுள்ள பிடியில் இருக்கும். இடக்கை இருக்கையின் பக்கத்திலுள்ள நெம்புகோலில். இரு பாதங்களும் மிதிகளில். பின்னால் இருப்பவர்களில் ஒருவர் டோர் கன்னர். மற்றவர் க்ரூ சீஃப். பகலில் இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் அமர்ந்து, இரவில் அதே ஹெலிகாப்டரைப் பழுதுபார்ப்பவர் க்ரூ சீஃப். அவர் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லையென்றால் ஏதோ குறைகிறது. முகம் தீட்டுவதுதான் இன்னும் கடினம். நிழலும் ஒளியும் அழுத்தமாக இட்டால் முகத்துக்கு வயது கூடிவிடுகிறது. அவர்களில் பலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

சுமார் 7,000 ஹியூய்கள் அப்போரில் பறந்தன. 3,300க்கும் மேற்பட்டவை அழிந்தன. ஹெலிகாப்டர்களில் இறந்த அமெரிக்க விமானிகளும் பணியாளர்களும் ஏறத்தாழ 4,900 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விமானிகள் அல்லர், பின்னால் அமர்ந்தவர்கள்.

இந்த நுணுக்கங்களையெல்லாம் சிற்றுருக் கலைஞர் எங்கிருந்து பெறுகிறார்? பெரும்பாலும் புகைப்படங்களிலிருந்து. அவற்றுள் முதன்மையானது லண்டனில் பிறந்த லேரி பரோஸ் எடுத்த தொகுப்பு. 1965 மார்ச் 31 அன்று, 'யாங்கி பாப்பா 13' என்ற கடற்படைவீரர் ஹெலிகாப்டரில் அவர் உடன் பறந்தார். ஏப்ரல் 16 தேதியிட்ட 'லைஃப்' இதழில் அப்படங்கள் வெளிவந்தன. க்ரூ சீஃபான 21 வயது ஜேம்ஸ் ஃபார்லி வாய்திறந்து கத்துகிறார். அவர் காலடியில் ஓர் அதிகாரி இறந்துகொண்டிருக்கிறார். தொகுப்பின் இறுதியில், தளத்துக்குத் திரும்பிய பின், ஃபார்லி குனிந்து முகத்தை மறைத்து அழுகிறார். துப்பாக்கியை இறுகப் பற்றிய க்ரூ சீஃபின் உருவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழும் க்ரூ சீஃபின் உருவத்தைக் கண்டதில்லை. அதுவும் அதே மனிதனின், அதே நாளின் துல்லியமான உருவம்தான்.

1971 பிப்ரவரி 10 அன்று, லாவோஸின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஹியூயில் பரோஸ் இறந்தார். ஹென்ரி ஹியூவே, கென்ட் பாட்டர், கெய்சபுரோ ஷிமாமோட்டோ என்ற மூன்று புகைப்படக் கலைஞர்களும் உடன் மாண்டனர். 1998இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது கேமராத் துண்டுகளும் படச்சுருளின் எச்சங்களும் கிடைத்தன. அந்த ஹெலிகாப்டர் தென்வியட்நாம் விமானப்படைக்கு உரியது. அதில் இறந்த 11 பேரில் ஏழு பேர் வியட்நாமியர். நான்கு புகைப்படக் கலைஞர்களின் பெயர்கள் எல்லா நூல்களிலும் உள்ளன. அதை ஓட்டிச் சென்றவர்களின் பெயர்களை அரிதாகவே காண்கிறோம். அந்தப் பயணத்தை ஒருவர் சிற்றுருவாக்க முனைந்தால், அவர்கள் எந்தத் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள், சட்டையில் என்ன சின்னம் தைத்திருந்தார்கள் என்று தேடத் தொடங்குவார். அந்தத் தேடல் அவர்கள் யார் என்ற கேள்வியில் போய் நிற்காமல் இராது.