மீனாட்சிபுரம் 1981: பணமா, மானமா?



ஐரோப்பிய நாடுகளில் குடியேறி வாழும் முஸ்லிம்களைப் பற்றி ஒரு விவாதம் ஓயாமல் நடந்து வருகிறது. 2004 இல் பிரான்ஸ் தன் அரசுப் பள்ளிகளில் மாணவியர் ஹிஜாப் அணிவதைத் தடை செய்தது. 2009 இல் சுவிட்சர்லாந்து மக்கள் புதிய மினாராக்கள் எழுப்பக் கூடாது என்று வாக்களித்தனர். இவர்கள் வறுமையால் வந்தவர்களா, வேறு நோக்கத்தோடு வந்தவர்களா, இந்நாட்டுக்கு உரியவர்கள் தாமா என்பவையே அங்கு எழுப்பப்படும் கேள்விகள். இவற்றைப் படிக்கும்போது நெல்லைச் சீமையைச் சேர்ந்த நமக்குப் பழைய நினைவொன்று எழுகிறது. எல்லை தாண்டி எங்கும் செல்லாமல், பிறந்த ஊரிலேயே இருந்து நெறியை மட்டும் மாற்றிக்கொண்ட மக்களிடமும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், செங்கோட்டைக்கும் பண்பொழிக்கும் அருகில் உள்ள சிற்றூர் மீனாட்சிபுரம். தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு பாயும் வட்டாரம் அது. இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கினாலும், அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1981 பிப்ரவரி 19 அன்று அவ்வூரின் பள்ளர் சமுதாயத்தைச் சேர்ந்த சுமார் 180 குடும்பத்தினர் கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவினர். திருநெல்வேலியில் இயங்கி வந்த இஷாஅத்துல் இஸ்லாம் சபை அந்நிகழ்வுக்குத் துணை நின்றது. ஊர் ரஹ்மத் நகர் என்றும் அழைக்கப்படலாயிற்று.

செய்தி பரவியதும் நாடே அதிர்ந்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. அடல் பிகாரி வாஜ்பாய் முதலிய தலைவர்கள் அச்சிற்றூரை நாடி வந்தனர். ஆரிய சமாஜத்தினரும் விசுவ ஹிந்து பரிஷத்தினரும் மக்களைத் திருப்பி அழைத்துச் செல்ல முனைந்தனர். ஒரு சில குடும்பங்கள் திரும்பவும் செய்தன. வளைகுடாப் பணம் பாய்ந்துவிட்டது என்பதே மிகுதியாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. எண்ணெய் வளத்தால் அரபு நாடுகள் செழித்திருந்த காலம் அது. கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் நம் இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்துகொண்டிருந்தனர். ஆதலால் அக்குற்றச்சாட்டு எளிதில் நம்பப்பட்டது.

அது உண்மைதானா என்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்தை ஏற்பவர் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இழந்துவிடுவார். அதே ஆணை 1956 இல் சீக்கியர்களுக்காகவும் 1990 இல் பௌத்தர்களுக்காகவும் திருத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இன்றளவும் திருத்தப்படவில்லை. மீனாட்சிபுரத்து மக்களில் படித்தவர்களும் அரசுப் பணியில் இருந்தவர்களும் இருந்தனர். இடஒதுக்கீட்டின் அருமையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். இழப்பு இன்னதென்று தெரிந்தே அவர்கள் அம்முடிவை எடுத்தனர். பணத்துக்காக மாறினார்கள் என்று சொல்வது கணக்குக்கே ஒத்துவரவில்லை.

பின்னர் அங்கு சென்ற செய்தியாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் அம்மக்கள் திரும்பத் திரும்பக் கூறிய காரணம் சாதி இழிவு. தேநீர்க் கடையில் தனிக் குவளை, ஆதிக்கச் சாதியினரின் அடக்குமுறை, காவல் துறையினரின் கெடுபிடி ஆகியவற்றையே அவர்கள் எடுத்துரைத்தனர். கல்வி கற்றும், கையில் காசு சேர்ந்தும், தெருவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்பதே அவர்களின் வேதனை. வறுமை வேறு, இழிவு வேறு. வறுமையை உழைப்பால் நீக்கலாம். பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட இழிவை எவ்வளவு உழைத்தும் நீக்க இயலாது. 1935 இல் இயோலாவில் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்ததும், 1956 இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றதும் இதே உணர்வால்தான்.

2002 இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2004 இல் அது கைவிடப்பட்டது. மதம் மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதியினராகவோ இருந்தால் தண்டனை கூடும் என்று அச்சட்டம் கூறிற்று. பாதுகாப்பு என்ற பெயரில் அது சொன்ன செய்தி யாது? தாழ்த்தப்பட்டவரையும் பெண்ணையும் சுயமாக முடிவெடுக்க இயலாத சிறுவரோடு ஒன்றாக வைத்தது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது நமது நம்பிக்கை. ஆகவே வற்புறுத்தலை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் ஏழையின் முடிவு எப்போதும் விலைக்கு வாங்கப்பட்டதே என்று கருதுவது அவரை மீண்டும் ஒருமுறை இழிவுபடுத்துவதாகும்.

இவ்வளவும் பிறரை நோக்கிய பேச்சு. நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. அம்மக்கள் நம்மிடம் தேடி வந்தது செல்வத்தை அன்று, சமத்துவத்தை. தொழுகை வரிசையில் அவர்களுக்குத் தோளோடு தோள் இடம் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிவாசலுக்கு வெளியே எவ்வளவு கொடுத்தோம்? பெண் கொடுக்கவும் எடுக்கவும் நேரும்போது 'புதியவர்கள்' என்ற சொல் நம் வீடுகளில் எழாமல் இருந்ததா? ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்று குடும்பப் பெருமை பேசும் நாம் இதற்கு நேர்மையாக விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மதீனாவின் அன்ஸாரிகள் மக்காவிலிருந்து வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பகிர்ந்தளித்தனர். அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல நியமித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். இவ்வரலாற்றை மேடையில் சொல்வது எளிது. ஐரோப்பாவில் நம் சகோதரர்கள் அந்நியராக நடத்தப்படுவதைக் கண்டு நாம் வருந்துகிறோம், வருந்தத்தான் வேண்டும். அதே வேளை, நம் மஹல்லாவில் எவரும் அந்நியராக உணராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நமக்கு உண்டு. பணத்துக்காக வந்தவர்கள் என்ற பழிக்கு நாம் தரும் மெய்யான பதில், அவர்கள் தேடி வந்த மானத்தை அவர்களின் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே குறைவின்றிப் பெறுவதேயாகும்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்தருள்வானாக. ஆமீன்.