இனிப்புநீரும் இன்சுலினும்



நம் தோட்டங்களில் 'இனிப்புநீர்' என்ற சொல்லைக் கேளாதவர் இல்லை. மலாய்க்காரர்கள் 'கெஞ்சிங் மானிஸ்' என்பதும், ஏட்டில் நாம் 'நீரிழிவு' என்று எழுதுவதும் அந்த நோயைத்தான். மூன்று பெயர்களிலும் சிறுநீரே முன்னால் நிற்கிறது. நோயின் பிறப்பிடமோ இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையம். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். பழைய இந்திய மருத்துவர்களும் நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு 'மதுமேகம்' என்றனர்.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. வேறு சில சுரப்பிகள் குழாயின்றித் தம் சுரப்பை நேரே இரத்தத்தில் விடுகின்றன. கழுத்திலுள்ள தைராய்டும், சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினலும், மூளையின் அடியில் தொங்கும் பட்டாணி அளவான பிட்யூட்டரியும் இவ்வகை. இவை நாளமில்லாச் சுரப்பிகள். இவற்றின் சுரப்புக்கு 1905-இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். கணையத்துக்கு இரண்டு வேலையும் உண்டு. குழாய்வழியே செரிமான நீரைத் தருகிறது; இரத்தத்தில் இன்சுலினைக் கலக்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, சரிவர வேலை செய்யாவிட்டாலோ, உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்திலேயே தேங்கிவிடும்.

1889-இல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய்க்கு நீரிழிவு வந்தது. வழி தெரிந்துவிட்டது, மருந்து கைக்கு வர மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில், மெக்லியோட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து சாறு எடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அதைச் செலுத்தினர். பலன் அற்பமே, ஊசி போட்ட இடத்தில் கட்டியும் வந்தது. கோலிப் என்ற வேதியியலாளர் சாற்றைத் தூய்மைப்படுத்தித் தர, 23-ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். சர்க்கரை இறங்கியது! அதுவரை இவ்வகைப் பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இருந்ததில்லை. மருந்தின் உரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டனர். இக்காலத்து மருந்து வணிகத்தைப் பார்ப்போர்க்கு இது நம்ப முடியாத செய்தி.

அந்நாளில் பேராக் தோட்டங்களில் மக்கள் அஞ்சியது மலேரியாக் காய்ச்சலுக்கே. கோலகங்சாரில் 1877-இல் முதல் கன்றுகள் ஊன்றப்பட்ட நாளிலிருந்து பால்மரம் நமக்குச் சோறு போட்டது, வேலையும் வாங்கியது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து வெட்டி, பால் சுமந்தவர்களுக்கு வேறு உடற்பயிற்சி எதற்கு? பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாயின. குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தன. நடை நின்றது; தட்டு நிறையச் சோறும் கட்டிப்பால் தேநீரும் நிற்கவில்லை. பரம்பரையும் இதற்கொரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

1986-இல் நடந்த தேசிய ஆய்வில், 35 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 6.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2019-இல் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3, இந்தியர்களில் 31.4. வயதுக் கணக்கு வேறானதால் நேராக ஒப்பிடலாகாது. ஆயினும் போகும் திசை தெரிகிறது.

'இன்சுலின் போட்டால் கால் போய்விடும்' என்ற பேச்சு நம்மிடையே இன்றும் உண்டு. இது எப்படி வந்தது? பலர் மாத்திரையையும் மறுத்து, பாகற்காய்ச் சாற்றை மட்டுமே நம்பிக் காலம் கடத்துகின்றனர். பாதம் மரத்து, முள் தைத்ததும் தெரியாமல் புண் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர். அங்கே ஊசியும் போடுகிறார்கள், காலையும் எடுக்கிறார்கள். பார்ப்பவர் ஊசியால் கால் போனதாக எண்ணிவிடுகிறார். உண்மையில் காலைத் தின்றது நெடுநாள் அடங்காதிருந்த சர்க்கரை.

முன்பு இன்சுலினை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தனர். அதனாலும் சிலர் தயங்கினர். 1982-இல் நுண்ணுயிரைக் கொண்டு செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் கணையம் சுரப்பதும் இதே பொருள்தான்.

அளவுக்கு மீறிய தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றினால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் பார்க்கலாம். இரவு முழுதும் உண்ணாமல் காலையில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0-ஐ எட்டினால் அது நீரிழிவு. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு வேறொரு நாளில் மறுமுறையும் பார்த்தே உறுதி செய்வார்கள்.