பதினோரு படுக்கை

கண்ணில் புரை என்று தெரிந்தும், "ஆபரேஷனில் உள்ள பார்வையும் போய்விட்டால்?" என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டவன் நான்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது வயது 58. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். மதுரையில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். அரவிந்த் என்ற பெயர், நான் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தருடையது. வசதியுள்ளவர் கட்டிய பணத்தில் ஏழைக்கு இலவச சிகிச்சை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை. 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள்.

இதெல்லாம் தெரிந்துகொண்ட வாரமே பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டை எட்ட நின்றே படிக்கிறேன். தள்ளிப்போடும் நண்பர்களே, நாளைக் காலையே கிளம்புங்கள்.